வீட்டுக்குப் போகும் புத்தகம்

(திருச்சிராப்பள்ளியில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூலகத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வாசிப்பின் பெருமையில் தொடங்குவது வழக்கம். அந்தப் பெருமையை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் பேச வந்தது அதைவிடச் சிறிய ஒரு விஷயம். இரவல். நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைப் பெயர் எழுதி எடுத்துக்கொண்டு போவது, தவணைக்குள் திருப்பிக் கொடுப்பது, அடுத்ததை எடுப்பது. இந்த மூன்றும் சேர்ந்த பழக்கம் ஒரு பிள்ளைக்கு வாய்த்துவிட்டால், பள்ளியை விட்டுப் போன பிறகும் அந்தப் பிள்ளை வாசகராகவே இருக்கும். வாய்க்காவிட்டால், பாடநூலோடு வாசிப்பும் முடிந்துவிடும்.

நம் திருச்சியில் மேலப்புலிவார்டு சாலையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. ஒருநாள் மாலை போய்ச் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். வருகிறவர்கள் மூன்று வகை. நாளிதழ் படிக்க வருகிற பெரியவர்கள் ஒரு வகை. போட்டித் தேர்வுக்குக் குறிப்பேடும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து காலை முதல் இரவு வரை இருந்து படிக்கிற இளைஞர்கள் இன்னொரு வகை. புத்தகம் மாற்ற வருகிறவர்கள் மூன்றாவது வகை. முதல் இரு வகையினருக்கும் நூலகம் செய்யும் உதவி பெரிது. வீட்டில் அமைதியாகப் படிக்க ஓர் இடம் இல்லாத பிள்ளைகள் அங்கே இருந்து படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் தேர்வு முடிந்தால் அந்த நாற்காலி காலியாகிவிடும். புத்தகம் மாற்ற வருகிறவர்தான் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருப்பவர். நாற்பது வயதில் வருபவர் அறுபதிலும் வருவார். அவரை அப்படி வரவைத்தது எது என்பதுதான் ஆசிரியர்களாகிய நமக்கு வேண்டிய செய்தி.

இரவல் வாங்குகிற வாசகர்களிடம் சில பழக்கங்கள் உண்டு. கவனித்தால் வகுப்பறைக்கு உதவும்.

முதலாவது, ஓர் அட்டையில் ஒரு வீடே படிக்கும். அட்டை தாத்தா பெயரில் இருக்கும். அவர் எடுத்துப் போகும் நாவலைப் பகலில் மருமகள் படிப்பார், இரவில் மகன் படிப்பார். ‘பேத்திக்கு ஒரு படக்கதை’ என்று கேட்டு வாங்கிப் போவார். பதிவேட்டில் ஒரு வரிதான் இருக்கும். படித்தவர்கள் நான்கு பேர். புத்தகம் வீட்டுக்குப் போவதால்தான் இது நடக்கிறது. நூலகத்துக்குள்ளேயே இருந்து படித்தால் ஒருவர் படித்ததோடு சரி.

இரண்டாவது, அடையாளம் வைப்பது. ஏற்கெனவே படித்த புத்தகத்தை மறந்துபோய் மறுபடி எடுத்துவிடாமல் இருக்க, குறிப்பிட்ட ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் சிறு புள்ளியோ கோடோ வைப்பவர்கள் உண்டு. புத்தகத்தில் எழுதுவது தவறுதான். ஆனால் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பவர் எத்தனை புத்தகம் படித்திருந்தால் அவருக்கு அந்த ஏற்பாடு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, தவணைத்தாளைப் பார்ப்பது. பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அந்தத் தாளில் தேதி முத்திரைகள் நெருக்கமாக விழுந்திருந்தால், பலர் எடுத்த புத்தகம், நன்றாக இருக்கும் என்று எடுப்பார்கள். முன்பின் தெரியாத வாசகர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் பரிந்துரை அது. கணினியில் பதிவு செய்யும் நூலகங்களில் இந்தத் தாளுக்கு வேலை குறைந்துவிட்டது. வகுப்பறை நூலகத்தில் நாம் அதைத் திரும்பக் கொண்டுவரலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான்காவது, தொடர்ச்சியைத் தேடுவது. ‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் கல்கி இதழில் தொடங்கி 1954 வரை வந்தது. வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் தமிழ்நாடு முழுக்க இருந்தன. அந்த பைண்டு புத்தகங்கள் தெருவுக்குள் இரவல் போயின. இன்றைக்கும் அதன் ஐந்து பாகங்களில் இரண்டாவதை முடித்தவர் மூன்றாவது பாகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பும் என்று நூலகரிடம் விசாரிப்பதைக் கேட்கலாம். காத்திருக்க வைக்கிற புத்தகத்தை யாரும் பாதியில் விடுவதில்லை.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கவிஞர் வாலி ஸ்ரீரங்கத்தில் நண்பர்களோடு சேர்ந்து ‘நேதாஜி’ என்ற கையெழுத்துப் பத்திரிகையைத் தொடங்கியவர். முதல் பிரதியை வெளியிட்டவர் கல்கி. கையெழுத்துப் பத்திரிகையை விலைக்கு வாங்க முடியாது. கையால் எழுதிய ஓரிரு பிரதிகள்தான் இருக்கும். ஒருவர் படித்து அடுத்தவருக்குக் கொடுத்தால்தான் அதற்கு வாசகர்கள் உண்டு. வாலியின் இயற்பெயர் ரங்கராஜன். அதே ஊரில் பாட்டி வீட்டில் வளர்ந்து படித்த இன்னொரு ரங்கராஜன், எழுத்தாளர் சுஜாதா ஆனார். இரண்டு ரங்கராஜன்களைத் தந்த அந்தத் தெருக்களில் இன்றும் பள்ளிகள் இருக்கின்றன, கிளை நூலகம் இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளைக்கும் புத்தகத்துக்கும் நடுவே நிற்பது எது என்பதே நம் கேள்வி.

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் ஆழமாக யோசித்தவர் ஓர் ஆசிரியர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். அந்த வேலையில் அவருக்கு முதலில் மனம் ஒட்டவில்லை. மறுபடியும் பாடம் நடத்தப் போய்விட விரும்பினார். பயிற்சிக்காக லண்டன் போனபோதுதான் நிலைமை மாறியது. அங்கே பொது நூலகங்களில் எல்லாத் தரப்பு மக்களும் வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். திரும்பி வந்து, வாசகர்கள் தாங்களே அடுக்குக்குப் போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து எடுக்கும் திறந்த அடுக்கு முறையைத் தம் நூலகத்தில் கொண்டுவந்தார். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக எழுதினார். புத்தகத்தின் வேலை பயன்படுவது என்பது முதல் விதியின் சாரம். அதை விளக்கும்போது, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை எடுத்துக்காட்டுகிறார். களவு போகாமல் காப்பதே நூலகத்தின் வேலை என்று நினைத்த காலம் அது.

அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலைச் சேர்ந்த கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் ஒரு நூலகம் அமைத்தார். தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். வண்டி ஊர் ஊராகப் போகும், புத்தகம் கொடுக்கும், மறுமுறை வரும்போது வாங்கிக்கொண்டு வேறு கொடுக்கும். கட்டடம், மேசை, நாற்காலி எதுவும் கிடையாது. யாழ்ப்பாணத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். 1933-இல் க.மு. செல்லப்பா தம் வீட்டிலிருந்து புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அதுவே வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகம் ஆனது. 1981-இல் எரிக்கப்பட்டபோது அதில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. மாட்டுவண்டியும் வீட்டுத் திண்ணையும் இரவல் கொடுக்கப் போதுமானவையாக இருந்திருக்கின்றன. திருச்சிக்குக் காமராசர் பெயரில் பெரிய நூலகம் அமைவதில் நமக்கெல்லாம் மகிழ்ச்சி. பெரிய நூலகத்துக்காக நம் பிள்ளைகள் காத்திருக்கத் தேவையில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. வாடகை வீட்டில் இருப்பவர் கொடுக்கும் வாடகைக்குள்ளும் அந்தக் காசு இருக்கிறது. ஆக, உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலிருந்தும் ஏதோ ஒரு வழியில் நூலகத்துக்குப் பணம் போய்விட்டது. மாநிலத்தில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. பணம் கட்டிவிட்டுப் பொருளை வாங்காமல் வருவதுபோல, நாம் பிள்ளைகளை அங்கே அனுப்பாமல் இருக்கிறோம்.

சரி, பொது நூலகம் வெளியே இருக்கிறது. பள்ளிக்குள் என்ன நிலை? இங்கே சற்று மனம்விட்டுப் பேசலாம். புத்தகப் பூங்கொத்து காலத்திலிருந்து இன்றைய வாசிப்பு இயக்கம் வரை நம் பள்ளிகளுக்கு நல்ல புத்தகங்கள் வந்திருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று பிள்ளையின் வாசிப்பு நிலைக்கு ஏற்றபடி பிரித்த சிறு புத்தகங்கள் இருக்கின்றன. ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் வருகின்றன. நூலகப் பாடவேளையும் இருக்கிறது. பல பள்ளிகளில் இவற்றைச் சிறப்பாகப் பயன்படுத்துகிறார்கள். இன்னும் சில பள்ளிகளில் புத்தகங்கள் பீரோவுக்குள் இருக்கின்றன. பாடவேளையில் எடுத்துக் கொடுப்பார்கள், மணி அடித்ததும் எண்ணி வாங்கிப் பூட்டுவார்கள்.

பூட்டுகிற ஆசிரியரைக் குறை சொல்வது எளிது. அவருடைய பயம் நியாயமானது. புத்தகம் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. தணிக்கை வரும். மாறுதல் கிடைத்துப் பொறுப்பை ஒப்படைக்கும்போது எண்ணிக்கை குறைந்தால் கைக்காசைப் போட்டு ஈடுகட்ட வேண்டும் என்ற அச்சம். பாடம் நடத்தி, பதிவேடு எழுதி, தேர்வு நடத்தும் ஒருவருக்கு இந்தக் கூடுதல் பாரம் எதற்கு? ‘குறைந்தால் யார் பதில் சொல்வது?’ என்ற கேள்விக்கு விடை இல்லாதவரை, வாசிப்பைப் பற்றி எத்தனை உரை நிகழ்த்தினாலும் பீரோ திறக்காது.

அதற்கு ஒரு விடை அரசு விதிகளிலேயே இருக்கிறது. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் 215-ஆவது விதி நூலகப் புத்தகங்களைப் பற்றியது. இரவலாகக் கொடுத்த அல்லது வாசிக்க எடுத்த 1,000 நூல்களுக்கு ஆண்டுக்கு 5 நூல்கள் வரை தொலைவது ஏற்கத்தக்க இழப்பு என்கிறது. நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் விசாரிக்க வேண்டும். இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி. நம் பள்ளிகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அதிலுள்ள கணக்கைத்தான் பாருங்கள்.

இழப்பின் அளவை, இருக்கும் நூல்களை வைத்து அந்த விதி கணக்கிடவில்லை. எத்தனை முறை கொடுக்கப்பட்டன என்பதை வைத்துக் கணக்கிடுகிறது. உங்கள் பீரோவில் 300 புத்தகங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு நான்கு முறை பிள்ளைகள் கைக்குப் போனால் 1,200 முறை இரவல். அந்தக் கணக்கில் 6 புத்தகங்கள் தொலையலாம். ஒன்றைக்கூட வெளியே கொடுக்காத பீரோவில் ஒன்று தொலைந்தாலும் அது குற்றம். நிறையக் கொடுப்பவருக்கு விதி இடம் கொடுக்கிறது. பூட்டியவருக்கு அந்த இடம் இல்லை. அரசின் நிதித்துறையே ஒப்புக்கொண்ட இந்த நியாயத்தை நம் பள்ளி மேலாண்மைக் குழுவில் எடுத்து வையுங்கள். ‘இந்த ஆண்டு இத்தனை முறை இரவல் கொடுத்தோம், இத்தனை நூல்கள் தேய்ந்தன, இத்தனை தொலைந்தன’ என்று ஆண்டின் இறுதியில் எழுதி, குழுவின் பார்வைக்கு வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். தலைமையாசிரியர்கள் இதில் உடன் நிற்க வேண்டும். பொறுப்பு ஓர் ஆசிரியரின் தலையிலிருந்து பள்ளியின் தோளுக்கு மாறினால், பாதி பயம் போய்விடும்.

மீதிப் பாதிக்கு நடைமுறையில் சில வழிகள் சொல்கிறேன்.

வாரத்தில் ஒரு நாளைப் புத்தகம் மாற்றும் நாளாக வையுங்கள். அந்த நாள் மாறவே கூடாது. தவணை என்பது பிள்ளைக்கு ஒரு கெடு மட்டுமல்ல, ஓர் எதிர்பார்ப்பும்கூட. திங்கட்கிழமை மாற்றலாம் என்றால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் புத்தகம் வீட்டில் இருக்கும். தாத்தாவின் அட்டையைப் பற்றிச் சொன்னேனே, அதுபோல அம்மாவும் அக்காவும் புரட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் என்றால் பிள்ளை வாசித்துக் காட்டும். பாடநூலைத் தவிர வேறு அச்சடித்த தாளே நுழையாத வீடுகள் நம் மாவட்டத்தில் உண்டு. பச்சைமலை அடிவாரத்திலும் உண்டு, நகரத்தின் நடுவில் காவிரிக் கரையோரத்திலும் உண்டு. அந்த வீட்டுக்குள் போகும் முதல் கதைப் புத்தகத்தை நீங்கள்தான் அனுப்பி வைக்கிறீர்கள்.

பதிவேட்டைப் பிள்ளைகளே எழுதட்டும். பெயர், புத்தகம், எடுத்த நாள், கொடுத்த நாள். நான்கு கட்டங்கள் போதும். நான்காம் வகுப்புப் பிள்ளை இதை அழகாகச் செய்யும். மாதம் ஒருவர் வகுப்பு நூலகர். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு தவணைத்தாளை ஒட்டுங்கள். தேதியின் பக்கத்தில் எடுத்தவர் பெயரையும் எழுதட்டும். தன் தோழி எடுத்த புத்தகம் என்று தெரிந்தால் இன்னொரு பிள்ளை எடுக்கும். ஆசிரியரின் பரிந்துரையைவிட அந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம்.

எடுப்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஏழாம் வகுப்பு மாணவர் ‘நுழை’ நிலைப் புத்தகத்தை எடுத்தால் விட்டுவிடுங்கள். கூச்சமில்லாமல் எளிய புத்தகத்தில் தொடங்க அவருக்குக் கிடைத்த வாய்ப்பு அது. ஒரே புத்தகத்தை மூன்று வாரம் தொடர்ந்து எடுத்தாலும் எடுக்கட்டும். திருப்பிக் கொடுக்கும்போது ‘கதையைச் சொல், நீதி என்ன?’ என்று கேட்காதீர்கள். கேள்வி உண்டு என்று தெரிந்தால் அடுத்த வாரம் மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள், அல்லது எடுக்கவே மாட்டார்கள். தானாகச் சொல்ல வரும் பிள்ளையிடம் மட்டும் காது கொடுங்கள்.

தொலைத்த பிள்ளையிடம் அபராதம் வாங்காதீர்கள். பத்து ரூபாய் கொண்டுவரச் சொன்னால் அந்தப் பிள்ளை மறுபடி புத்தகம் எடுக்காது. சில நாள் பள்ளிக்கே வராமல் போகவும் கூடும். தேடிப் பார்க்க இரண்டு வாரம் கொடுங்கள். பெரும்பாலும் கட்டிலுக்கு அடியிலிருந்தோ தம்பியின் பையிலிருந்தோ வந்துவிடும். கிழிந்து வந்தால், கிழிந்த பக்கத்தை ஒட்டப் பசையும் தாளும் கொடுத்து அந்தப் பிள்ளையையே ஒட்டச் சொல்லுங்கள். இடைவேளையில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒட்டினால் அதுவும் ஒரு பாடம்தான்.

அடுத்த படி, பொது நூலகம். பள்ளியின் 300 புத்தகங்களை ஆர்வமுள்ள பிள்ளை ஓராண்டில் முடித்துவிடும். அதற்குப் பிறகு எங்கே போகும்? நூலகத்தில் உறுப்பினராகக் கட்ட வேண்டியது சிறு தொகைதான். பல பள்ளிகளில் மாணவர்களை உறுப்பினராகச் சேர்க்கும் முகாம் நடக்கிறது. ஆனால் அட்டை வாங்குவதோடு வேலை முடிந்துவிடுவதையும் பார்க்கிறோம். பள்ளி மேசை அறையில் கட்டாக இருக்கும் அட்டையால் யாருக்கும் பயன் இல்லை. அட்டை பிள்ளை கையில் இருக்க வேண்டும். முதல் புத்தகத்தை எடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். பொது நூலகத்துக்குள் முதன்முறை நுழையும் பிள்ளைக்கு எங்கே செருப்பைக் கழற்றுவது, யாரிடம் கேட்பது, புத்தகத்தைத் தொடலாமா என்பதெல்லாம் தெரியாது. ஒருமுறை கூட்டிப் போனால் அந்தத் தயக்கம் போய்விடும்.

பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. நமக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை அவை திறந்திருக்கும். பகுதிநேர நூலகம், ஊர்ப்புற நூலகம் என்றால் நேரம் வேறுபடும். உங்கள் ஊர் நூலகத்தின் நேரத்தைக் கேட்டு வந்து வகுப்பறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நூலகரிடம் உங்கள் வகுப்பைப் பற்றிச் சொல்லி வையுங்கள். புத்தகம் கேட்டு வரும் பிள்ளையைவிட நூலகருக்கு மகிழ்ச்சி தருவது வேறொன்றில்லை. மாலையில் தனியாக அனுப்பத் தயங்கும் பெற்றோர், பெண்பிள்ளைகள் விஷயத்தில் குறிப்பாக, நிறையப் பேர். ஒரே தெருப் பிள்ளைகளை மூன்று நான்கு பேராகச் சேர்த்து அனுப்பும்படி பெற்றோர் கூட்டத்தில் பேசுங்கள்.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் வகுப்பு வரை புத்தகம் எடுத்த பிள்ளை பத்தாம் வகுப்பில் நிறுத்திவிடுகிறது. நாம் நிறுத்தச் சொல்கிறோம் அல்லது வீட்டில் சொல்கிறார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டுகள் கைவிட்ட பழக்கம் தானாகத் திரும்புவதில்லை. பதினைந்து நாளுக்கு ஒரு சிறு புத்தகம் போதும். பழக்கத்தின் நூல் அறுந்துவிடாமல் இருக்க அது உதவும். பிற்காலத்தில் போட்டித் தேர்வுக்கு அதே நூலகத்துக்கு அந்தப் பிள்ளை வரும்போது, வழிகாட்டி நூல்கள் இருக்கும் அடுக்கைத் தாண்டி உள்ளே போகவும் தெரிந்திருக்கும்.

இந்த ஆண்டின் இறுதியில் உங்கள் பள்ளிப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். மூலை மடங்கியிருந்தால், அட்டை தேய்ந்திருந்தால், மஞ்சள் கறை பட்டிருந்தால், இரண்டு மூன்று காணாமலும் போயிருந்தால், உங்கள் நூலகம் நன்றாக நடக்கிறது என்று பொருள். எல்லாம் புத்தம் புதிதாக, எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வரும் திங்கட்கிழமை பீரோவைத் திறந்து, வகுப்புக்கு ஒரு பதிவேடு தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.